சேர்வராயன் மலையில் இரவொலிப் பதிவு: கூடவே உட்கார்ந்திருக்க வேண்டுமா, கருவியை மட்டும் விட்டுவரலாமா?

அஸ்தம்பட்டிச் செவி
பிப்ரவரி 8, இரவு 8:10

அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை 6 மணி முதல் இன்று காலை 7 மணி வரை, ஏற்காட்டுக்கு மேற்கே டேனிஷ்பேட்டைப் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கும் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில், உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தனியாக உட்கார்ந்து இரவின் ஒலியைப் பதிவு செய்தேன். தோட்டத்தின் கடைசி வேலிக்கு அப்பால் காப்புக்காடு தொடங்குகிறது. வேலியை நான் தாண்டவில்லை. சில்வர் ஓக் மரம் ஒன்றின் இரு பக்கமும் இரண்டு மைக்குகளைக் கட்டிவிட்டு, நான்கு மீட்டர் தள்ளிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு தடம் என்ற அமைப்பில் கோப்பு மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேலாக வளர்ந்தது. பதின்மூன்று மணி நேரமும் சேர்ந்து பதின்மூன்றரை ஜிபி.

இருட்டியதும் செம்மீசைச் சின்னான்கள் புதருக்குள் இடம் பிடிக்கும் சலசலப்பு அடங்கி, சுவர்க்கோழிகள் தொடங்கின. குளிர் ஏற ஏற அவற்றின் ஒலி மெலிந்து, நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றிரண்டு மட்டும் நெடுநேர இடைவெளி விட்டு ஒலித்தன. சரிவில் இறங்கும் காற்று சில்வர் ஓக் இலைகளில் படும்போது தூறல் விழுவதுபோலக் கேட்டது. அதை மழை என்று நினைத்து இருமுறை கருவியை மூடப் போனேன். எனக்கு அடையாளம் தெரியாத ஒலிகள் இரண்டு. ஒன்று, சிமெண்டுத் தரையில் விழுந்த கோலிக்குண்டு துள்ளித் துள்ளி அடங்குவதுபோன்ற ஓசை. மற்றொன்று, சில விநாடிகளுக்கு ஒருமுறை, ஒரே இடத்திலிருந்து, அரை மணி நேரத்துக்கு மேலாக வந்த தவளைக்குரல் போன்ற ஒற்றை ஒலி.

வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டபோது மூன்று குறைகள் தெரிந்தன. முதலாவது, எல்லாவற்றுக்கும் அடியில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் இருக்கிறது. இரண்டாவது, மலைக்குக் கீழே செல்லும் ரயில்களும், அதற்கும் அப்பால் ஓமலூர் வழியே செல்லும் நெடுஞ்சாலை லாரிகளும் அருகில் இருப்பதுபோலக் கேட்கின்றன. மனிதர் எழுப்பும் ஒலி எதுவும் இல்லாமல் கிடைத்த மிக நீண்ட இடைவெளி ஒன்பது நிமிடம்தான். அது அதிகாலை 2:51க்குத் தொடங்கி 3 மணிக்கு ஒரு சரக்கு ரயிலின் ஊதலோடு முடிந்தது. மூன்றாவது, நான். நான் எச்சில் விழுங்குவதும், கால் மாற்றி உட்காருவதும், மழைச்சட்டை உரசுவதும் பதிவாகியிருக்கின்றன.

இதை நான் பொழுதுபோக்காகச் செய்யவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் இந்தச் சரிவின் இரவு எப்படி ஒலித்தது என்று கேட்டால் என்னிடம் சான்று ஒன்றும் இல்லை. இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆகவே அனுபவம் உள்ளவர்களைக் கேட்கிறேன்: இந்தக் குறைகளை எப்படித் தீர்ப்பது? அதோடு, கூடவே உட்கார்ந்திருப்பது சரியா, அல்லது கருவியை மட்டும் வைத்துவிட்டு விலகிவிட வேண்டுமா?


ஒலிமேடை
பிப்ரவரி 8, இரவு 10:35

நான் இருபது ஆண்டுகளாகக் கோயில் திருவிழாக்களுக்கும் நாடக மேடைகளுக்கும் ஒலி அமைத்து வருகிறேன். உங்கள் முதல் இரண்டு குறைகளுக்கும் காரணம் சொல்ல முடியும்.

'உஸ்' என்ற ஓசை மைக்கின் சொந்த இரைச்சல். ஒவ்வொரு மைக்கும், எதிரே ஒலியே இல்லாதபோதும், தன்னளவில் சிறிது இரைச்சலை உண்டாக்கும். மேடையில் ஒருவர் பேசும்போது அது தெரியாது. காற்றில்லாத குளிர்கால இரவில் காட்டின் ஒலி 20 டெசிபெல் அளவுக்கே இறங்கிவிடும். அப்போது கருவியின் பெருக்கத்தை, அதாவது ஒலியைக் கூட்டும் அளவை, நீங்கள் உயர்த்த வேண்டியிருக்கும். உயர்த்தினால் மைக்கின் இரைச்சலும் சேர்ந்து உயரும். இயற்கை ஒலி பதிவு செய்பவர்கள் பலர் விரும்பி வாங்கும் பிரைமோ நிறுவனத்தின் ஈஎம்272 என்ற சிறிய மைக் வில்லையின் (ஒலியை வாங்கும் உள்பாகம்) சொந்த இரைச்சல் 14 டெசிபெல். ஸ்டுடியோவுக்கென்று வரும் பெரிய வில்லை மைக்குகளில் அது 5 டெசிபெல் வரை குறையும். ஆனால் அவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும், பனி ஈரம் பட்டால் வெடிப்பதுபோல் பொரியவும் செய்யும். கருவியோடு ஒட்டி வரும் மைக்கைப் பயன்படுத்தியிருந்தீர்கள் என்றால், குறை அங்கேதான் இருக்கிறது. இதே கருவியை ஐப்பசி மழையில் கொண்டுபோய் வையுங்கள். தவளைகள் போடும் சத்தத்தில் இரைச்சல் இருந்த இடமே தெரியாது. நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் கருவிக்குக் கடினமான மாதம்.

ரயில் விஷயம் இன்னும் முக்கியமானது. பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடுகிறது. தெளிந்த இரவில் தரை முதலில் குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் அதைவிட வெதுவெதுப்பான காற்று மேலேயும் நிற்கிறது. வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால், மேலே போன ஒலியும் திரும்பக் கீழே வளைந்து, பல கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்குகிறது. உங்கள் சரிவோ மேற்கு நோக்கித் திறந்திருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வரும் இருப்புப்பாதை லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியாக அந்தச் சரிவின் காலடியில்தான் செல்கிறது. மைக்கை மாற்றினால் ரயில் போகாது, இன்னும் தெளிவாகக் கேட்கும். இடத்தை மாற்ற வேண்டும். உங்களுக்கும் ரயிலுக்கும் நடுவே மலையின் உடம்பு முழுவதும் நிற்கும்படி, கிழக்குப் பக்கத்து மடிப்பு ஒன்றுக்குள் இறங்கிப் பாருங்கள்.

மூன்றாவது குறைக்கு எளிய வழி, இருபது மீட்டர் மைக் கம்பி வாங்கிக்கொண்டு தள்ளி உட்காருவது. நைலான் மழைச்சட்டையை வீட்டில் வைத்துவிடுங்கள். பருத்தியும் கம்பளியும் உரசினாலும் அவ்வளவு ஓசை எழாது.


காப்பிக்காடு
பிப்ரவரி 9, காலை 6:20

தம்பி, நான் நாற்பது ஆண்டுகளாக இந்த மலையில் காப்பி பார்ப்பவன். உங்கள் முயற்சி நல்ல முயற்சி. ஆனால் 'தனியாக' என்ற சொல்லைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காட்டுமாட்டைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. நாளிதழ்கள் காட்டெருமை என்று எழுதுகின்ற அந்த விலங்கு இப்போது தோட்டங்களுக்குள் இரவில் வருவது வழக்கமாகிவிட்டது. கூட்டமாக வரும்போது ஆபத்துக் குறைவு. கிளை முறியும் ஓசையிலும் மூச்சு விடும் ஓசையிலும் தெரிந்துவிடும். தனித்துத் திரியும் முதிர்ந்த காளைதான் அச்சம் தருவது. அது ஓசையில்லாமல் வந்து, பத்தடி தொலைவில் நிற்கும்போதுதான் தெரியும். அது போகும் தடத்தில் நீங்கள் அசையாமல், விளக்கில்லாமல், கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தால், திடுக்கிட்டுப் பாய்வதற்குக் காரணம் கொடுத்தவர் நீங்களாகிவிடுவீர்கள். பாதையை விட்டு விலகி, பெரிய மரமோ பாறையோ முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். மாலை வெளிச்சத்திலேயே சாணமும் குளம்படியும் பார்த்து எது தடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுந்து நடந்து போகும் தொலைவில் வண்டி, திரும்பும் திசை பார்த்து நிற்க வேண்டும்.

மற்றொன்று பாம்பு. காப்பிச்செடியில் கை உயரத்தில் மூங்கில் விரியன் சுற்றிக்கொண்டு கிடக்கும். பச்சை இலைக்கு நடுவே பகலிலேயே தெரியாது. நம் மருத்துவமனைகளில் உள்ள நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்காகத் தயாரிக்கப்படுவது; மூங்கில் விரியன் அதில் சேரவில்லை. கடித்தால் சாவு அரிது, வீக்கமும் வலியும் கடுமை. மைக்கைக் கட்டும்போது விளக்கடித்துப் பார்க்காமல் கிளையில் கை வைக்காதீர்கள்.

வேலியைத் தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே போக வேண்டும்.


அஸ்தம்பட்டிச் செவி
பிப்ரவரி 9, இரவு 9:05

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபின் சனிக்கிழமைக் கோப்பை மறுபடி கேட்டேன். 4:12க்கு வேலிப் பக்கமிருந்து ஓர் ஆழ்ந்த மூச்சும், அதைத் தொடர்ந்து கல் உருளும் ஓசையும் இருக்கின்றன. அந்த நேரத்தில் நான் விழித்துத்தான் இருந்தேன். காற்று என்று நினைத்துக் குறிப்பேட்டில் 'காற்று' என்றே எழுதியிருக்கிறேன். அடுத்த முறை நீங்கள் சொன்னபடியே இடம் பார்த்து உட்காருவேன். தோட்டத்து வீட்டில் ஒருவர் தங்கியிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விளக்கைக் காட்டி நலம் என்று தெரிவிப்பது என்றும் உரிமையாளரோடு பேசி வைத்துவிட்டேன்.

ஒலிமேடை அவர்களுக்கு நன்றி. நான் பயன்படுத்தியவை விலை குறைந்த, சட்டையில் மாட்டும் மைக்குகள். பிரைமோ வில்லைகள் இரண்டு வாங்கி நானே பற்றவைத்துக்கொள்ளப் போகிறேன்.


வவ்வால்நேரம்
பிப்ரவரி 10, பிற்பகல் 2:40

நான் மாறுபட்ட கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். பத்தாண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த சான்று வேண்டும் என்றால், ஒருவர் ஓர் இரவு உட்கார்ந்து செய்யும் பதிவு போதாது. ஓர் இரவு மேகமாக இருக்கும், ஓர் இரவு நிலவாக இருக்கும், ஓர் இரவு பக்கத்துத் தோட்டத்தில் நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில், ஒரே அமைப்பில், பல இரவுகள் பதிவானால்தான் எது வழக்கம், எது விதிவிலக்கு என்று பிரிக்க முடியும். அதற்குத்தான் ஆடியோமாத் போன்ற சிறு கருவிகள் இருக்கின்றன. மூன்று பென்சில் பேட்டரி, ஒரு மெமரி கார்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று அமைத்து மரத்தில் கட்டிவிட்டால் பல நாட்கள் அதுவே வேலை செய்யும். அதன் வடிவமைப்பு பொதுவில் வெளியிடப்பட்டிருக்கிறது. விலையும் ஆராய்ச்சிக்கென்று விற்கப்படும் கருவிகளைவிட மிகக் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 முறை மாதிரி எடுத்து, பதிவு செய்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலிதான் கிடைக்கும். மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிக்கு மேல் எதுவும் பதிவாகாது என்பது அடிப்படை விதி. பூச்சி தின்னும் வவ்வால்களின் குரல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆடியோமாத் 384 கிலோஹெர்ட்ஸ் வரை மாதிரி எடுக்கும். உங்கள் தலைக்கு மேலே இரவு முழுவதும் நடந்த வேட்டையில் பெரும்பகுதி உங்கள் காதுக்கும் எட்டவில்லை, உங்கள் கோப்புக்கும் எட்டவில்லை.

மனிதன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு விலங்குகள் பல நெருங்கி வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதிவு செய்தது நீங்கள் இருக்கும் காட்டை. நீங்கள் இல்லாத காடு வேறு மாதிரி ஒலிக்கும்.


மலைநாட்டு ஆசிரியை
பிப்ரவரி 10, இரவு 7:55

நான் இந்த மலையிலேயே பிறந்தவள். மலையாளிப் பழங்குடிக் குடும்பம். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடுகிறார்கள், எங்கள் தாய்மொழி தமிழ்தான், மலையை ஆளுபவர் என்பதே பொருள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் கேட்ட இரண்டு ஒலிகளுக்கும் விடை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கோலிக்குண்டு துள்ளி அடங்கும் ஓசை பக்கிப் பறவையினுடையது. தரையில் சருகுக்கு நடுவே சருகாகப் படுத்திருக்கும். வண்டி விளக்கில் கண் மட்டும் சிவப்பாக ஒளிரும். பெருங்காட்டை விடத் தோட்ட ஓரங்களும் புதர்வெளிகளுமே அதற்குப் பிடித்த இடம். நீங்கள் வேலியோரத்தில் உட்கார்ந்ததால்தான் கிடைத்தது.

இரண்டாவது ஒலியைத் தவளை என்று எழுதியிருக்கிறீர்கள். தை மாதத்தில், மழை பெய்து பல வாரமான சரிவில், நீர்நிலை பக்கத்தில் இல்லாத இடத்தில், எந்தத் தவளை அரை மணி நேரம் விடாமல் கத்தும்? அது காதுபோலத் தூவி நிற்கும் சிறிய ஆந்தை; பறவை நோக்குவோர் ஸ்காப்ஸ் ஆந்தை என்கிறார்கள். தவளைக்குரல்போல ஒற்றை ஒலியைச் சில விநாடி இடைவெளியில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்திலிருந்து வந்தது என்று நீங்கள் குறித்து வைத்திருப்பதும் அதற்குப் பொருந்துகிறது.

இங்கேதான் வவ்வால்நேரம் அவர்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். கருவியை மட்டும் விட்டுவந்திருந்தால், அந்தக் குரல் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருந்தது, தரை காய்ந்திருந்ததா, நிலவு இருந்ததா என்று யார் சொல்வார்கள்? இப்போது கைப்பேசியிலும் கணினியிலும் குரலைக் கொடுத்தால் பறவையின் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான பேர்ட்நெட் ஒலியை மூன்று மூன்று விநாடித் துண்டுகளாக வெட்டித்தான் பார்க்கிறது. சில விநாடிக்கு ஒருமுறை சீராக வருகிறது என்பதுதான் அந்த ஆந்தையின் அடையாளம். அந்த இடைவெளி ஒரு துண்டுக்குள் அடங்காது. என் மாணவர்களை மாலையில் அரை மணி நேரம் பள்ளித் திடலில் உட்கார வைத்து, கேட்பதை எழுதச் சொல்கிறேன். முதல் வாரம் நான்கு வரி எழுதினார்கள், இப்போது ஒரு பக்கம் எழுதுகிறார்கள். சுவர்க்கோழி நிமிடத்துக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்றும் எண்ணுகிறோம். குளிரில் வேகம் குறைகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் அமாஸ் டால்பேர் என்ற இயற்பியலாளர் 1897இல் அந்த வேகத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட ஒரு சூத்திரமே எழுதினார். எண்கள் அந்த நாட்டுப் பூச்சிக்கு உரியவை. குளிர்ந்தால் மெதுவாகும் என்பது எங்கள் பூச்சிக்கும் பொருந்துகிறது.

சங்கப் பாடல்களில் சிள்வீடு என்று ஒரு சொல் வருகிறது, நம் சிள்வண்டுதான். ஆந்தைக்குக் குடிஞை என்று ஒரு பெயர். இந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் இரவில் காது கொடுத்து உட்கார்ந்தவர்கள்.


ஈரடுக்கு மாடி
பிப்ரவரி 11, காலை 11:15

ரயில் ஓசையையும் இரைச்சலையும் நீக்க இப்போது நல்ல மென்பொருள்கள் வந்துவிட்டன. ஒரு விநாடி இரைச்சலை மாதிரியாகக் காட்டினால் கோப்பு முழுவதிலிருந்தும் அதைக் கழித்துவிடும். இடத்தை மாற்றி இவ்வளவு சிரமப்பட வேண்டுமா?


ஒலிமேடை
பிப்ரவரி 11, பிற்பகல் 1:30

வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்த மென்பொருள்களுக்குச் சீராக நீடிப்பது எல்லாம் இரைச்சல். சுவர்க்கோழியின் ரீங்காரமும் சீராக நீடிப்பதுதான். கழித்த பிறகு கேட்டால், பூச்சியின் ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குமிழியிட்டுச் சிதைந்திருக்கும். பேச்சுக்காக உருவானவற்றைக் காட்டுக்குப் பயன்படுத்தினால் காடுதான் முதலில் போகும். அதே காரணத்தால், கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்கவும் வேண்டாம். சுருக்கும்போது மெல்லிய மேல்சுருதிகள் அனைத்தும் போய்விடும்.

மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். பிறருக்குக் கேட்கக் கொடுக்கும் படியில் மட்டும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் லாரிகளின் உறுமல் ஓரளவு குறையும். பதிவு செய்யும்போதே வெட்டிவிடாதீர்கள். வெட்டியது திரும்பாது.


வவ்வால்நேரம்
பிப்ரவரி 11, மாலை 6:10

ஒலிமேடை அவர்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ரயிலை நீக்கவே கூடாது என்று இன்னும் ஒரு படி மேலே போவேன். பெர்னி கிராஸ் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர், ஓரிடத்தின் ஒலியை உயிர்கள் எழுப்புவது, காற்றும் நீரும் போன்ற இயற்கை எழுப்புவது, மனிதர் எழுப்புவது என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார். மூன்றும் கோப்பில் இருந்தால்தான், 3 மணி ரயிலுக்குப் பிறகு ஆந்தை எத்தனை நிமிடம் குரல் கொடுக்காமல் இருந்தது என்று யாராவது ஒரு நாள் அளக்க முடியும். அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், ஹோ மழைக்காட்டுக்குள், கார்டன் ஹெம்ப்டன் 2005இல் ஒரு சதுர அங்குல இடத்தைக் குறித்து வைத்து, மனித ஒலி இல்லாமல் அங்கே காக்க வேண்டும் என்று போராடினார். அவர் போன்றவர்கள் முதலில் எண்ணியது அந்த இடைவெளிகளைத்தான். நீங்களும் ஒன்பது நிமிடம் என்று எண்ணியிருக்கிறீர்கள். அந்த எண் உங்கள் பதிவின் மிக மதிப்புள்ள பகுதி என்று எனக்குப் படுகிறது.

ஆசிரியை அம்மா குறிப்பைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். கருவியோடு மனிதரும் வேண்டும். ஆனால் அவர் ஒவ்வோர் இரவும் வேண்டியதில்லை.


காப்பிக்காடு
பிப்ரவரி 11, இரவு 8:45

என் நண்பர் ஒருவருக்குக் கிழக்குப் பக்கம், குப்பனூர்ப் பாதைக்கு உள்ளே தள்ளி, ஓடை இறங்கும் மடிப்பில் தோட்டம் இருக்கிறது. அவரிடம் பேசிவிட்டேன். பங்குனியில் வாருங்கள். காப்பி பூப்பதற்கான மழையை எதிர்பார்த்திருக்கும் காலம் அது. மழை கிடைத்தால் உங்களுக்கும் வேறு ஓர் இரவு கிடைக்கும்.

பனித்துளி சொட்டுவதற்கு ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த மடிப்பில் விடியற்காலையில் மூடுபனி இறங்கினால் இலை நுனியெல்லாம் சொட்டும். பிளாஸ்டிக் பெட்டிமேல் விழுந்தால் ஆணி அடிப்பதுபோல் கேட்கும். தென்னைநார் மெத்தைத் துண்டு ஒன்றை மேலே கட்டினால் துளி விழும் ஓசை அடங்கிவிடும்.


அஸ்தம்பட்டிச் செவி
மார்ச் 24, இரவு 9:30

இத்தனை நாள் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு கிழக்கு மடிப்பில் இருந்தேன். அதற்கு முன் பத்து இரவுகள் ஒரு சிறிய ஆடியோமாத் அதே மரத்தில் இருந்தது. வவ்வால்நேரம் அவர்கள் சொன்ன அமைப்பில்தான் வைத்தேன். என் மைக்குகளுக்கும் எனக்கும் நடுவே இப்போது இருபத்திரண்டு மீட்டர் கம்பி. பாறை முதுகுக்குப் பின்னால், மாட்டுத்தடம் ஓடைக்கு அந்தப் பக்கம், வண்டி பாதையில் திரும்பி நின்றது. தோட்டத்து வீட்டில் இருந்தவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விளக்கைப் பார்த்துப் பதில் காட்டினார். கைப்பேசியை விமான நிலையில் வைத்திருந்தேன். வழக்கமான அமைப்பில் இருந்தால் அதன் அலை கம்பியில் ஏறி 'டிக்டிக்' என்று பதிவாகிவிடும் என்பதைச் சோதனையில் தெரிந்துகொண்டேன்.

ரயில் இல்லை. உண்மையிலேயே இல்லை. அரூர்ச் சாலையில் போகும் பேருந்தின் ஒலிப்பான் நள்ளிரவுக்கு முன் சிலமுறை வந்தது, அவ்வளவுதான். மனித ஒலி இல்லாத மிக நீண்ட இடைவெளி 1:20 முதல் 2:11 வரை, ஐம்பத்தொரு நிமிடம். அந்த ஐம்பத்தொரு நிமிடமும் நான் தூங்கவில்லை. ஓடையில் நீர் நூல்போலத்தான் ஓடுகிறது. ஆனாலும் அது ஒரே மாதிரி ஓடவில்லை, சருகு ஏதோ அடைத்து, நிறைந்து, வழிந்து, மறுபடி திறந்துகொள்வது காதில் தெரிந்தது. இரண்டு ஆந்தைகள் மடிப்பின் இரு கரையிலிருந்து ஒன்றுக்கொன்று பதில் சொல்லின. பிப்ரவரியில் நான் தவளை என்று எழுதிய அதே குரல். அம்மா, இம்முறை திசையையும் உயரத்தையும் குறித்திருக்கிறேன்.

2:40க்குக் காற்று நின்றது. சுவர்க்கோழிகளும் நின்றன. குறிப்பேட்டில் 'எல்லாம் நின்றுவிட்டது, காரணம் தெரியவில்லை' என்று எழுதி நேரம் போட்டிருக்கிறேன். 2:52க்கு முதல் துளி மெத்தைமேல் விழுந்தது. அதன்பின் மழை. கருவியைப் பெட்டியோடு மூடிவிட்டு, மைக்குகளை அப்படியே விட்டேன். தென்னைநார் மெத்தை தன் வேலையைச் செய்தது, மழை இலைமேல் விழுவதாகத்தான் பதிவாகியிருக்கிறதே தவிர மைக்குமேல் விழுவதாக இல்லை. மழை 3:34க்கு விட்டது. ஓடைப் பக்கமிருந்து முதல் தவளை 3:49க்கு. நான்கு மணிக்கு எத்தனை என்று எண்ண முடியவில்லை. பெருக்கத்தைக் குறைத்துவிட்டு விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒலிமேடை அவர்கள் சொன்னது சரி, அந்த நேரத்தில் எந்த மைக்கின் இரைச்சலும் யாருக்கும் கேட்காது. வெளுக்கும் முன்னே ஓடைக்குள்ளிருந்து சீகாரப் பூங்குருவி சீழ்க்கையடிக்கத் தொடங்கியது. அதன் முதல் ஏழு நிமிடத்தைத் தனியே வெட்டி உங்களுக்காக ஏற்றியிருக்கிறேன். சுருக்காத கோப்பு, ஹெட்போனில் கேளுங்கள்.

காலையில் தோட்டக்காரர் மழைமானியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். பூப்புக்கு இது போதுமா என்பது அளவை மட்டும் பொறுத்ததில்லை, எப்படிப் பெய்தது என்பதையும் பொறுத்தது என்றார். அடித்துப் பெய்தால் சரிவில் ஓடிவிடுமாம், நின்று பெய்தால் வேருக்கு இறங்குமாம். அவர் வீட்டுக்குள் தூங்கிவிட்டதால் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாற்பத்திரண்டு நிமிட மழையையும் முழுவதும் கேட்டார். நடுவே ஒருமுறை கையை உயர்த்தி, 'இங்கே கொஞ்சம் வேகம் பிடிக்கிறது' என்றார். முடிந்ததும் அந்தக் கோப்பைத் தனக்கு ஒரு படி வேண்டும் என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.


மலைநாட்டு ஆசிரியை
மார்ச் 25, காலை 6:05

2:40க்கு எல்லாம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் ஏற்ற முடியுமா? என் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.


அஸ்தம்பட்டிச் செவி
மார்ச் 25, காலை 7:20

இப்போதே ஏற்றுகிறேன் அம்மா. முதல் மூன்று நிமிடம் கருவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும், கெடவில்லை. ஓடையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள், அது நிற்கவில்லை.